கல்லில் பாதி, வாயில் மீதி

சிதம்பரத்தில் கீழைக் கோபுர வாசலுக்குள் நுழைகிற யாரும் அங்கே நிற்பதில்லை. அக்னி நட்சத்திரத்து வெயிலில் வெறுங்காலோடு ஓடி வருகிறவர்களுக்கு அந்த நிழல் ஒரு மூச்சு விடுவதற்குத்தான். அடுத்த நிமிஷம் உள்ளே போய்விடுவார்கள். நின்றால் பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டு போவார். ஆனாலும் ஓரமாக ஒதுங்கி இரண்டு பக்கச் சுவரையும் பார்க்கவேண்டும். அரைத்தூண்களில் கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கற்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். அவள் இடுப்பு உயரம்கூட இல்லாமல் பக்கத்தில் மத்தளக்காரரும் தாளக்காரரும். மேலே கிரந்த எழுத்தில் வெட்டிய வரிகள்.

நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களைச் சொல்கிறது. கையும் காலும் இசைந்து நடத்துகிற ஓர் அசைவுதான் கரணம். இங்கே கிழக்கு, மேற்குக் கோபுர வாசல்களில் அந்த அத்தியாயத்தின் சுலோகங்களையும் சிற்பங்களையும் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பாடமும் படமும் பக்கத்தில் பக்கத்தில். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழும்பிய கோபுரங்கள் இவை. ஆட்டத்தைக் கல்லில் எழுதி வைத்துவிட முடியும் என்று யாரோ தீர்மானமாக நம்பியிருக்கிறார்கள்.

முடிந்ததா என்பதுதான் கேள்வி. முதல் கரணம் தலபுஷ்பபுடம். இரண்டு கையும் குவிந்து பூ ஏந்தியதுபோல இடப்பக்கம் வந்து நிற்கின்றன. அந்தப் பக்க விலா வளைந்திருக்கிறது. ஒரு பாதம் நுனியில் ஊன்றியிருக்க, குதிகால் தரையைத் தொடவில்லை. சுலோகமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. சரி, இந்தப் பெண் இதற்கு முந்தின கணம் எங்கே இருந்தாள்? பூவைக் கொண்டுவந்து ஏந்தினாளா, ஏந்தியதைத் தூவப் போகிறாளா? கை எந்த வழியாக வந்தது? எவ்வளவு வேகம்? மத்தளக்காரர் கையை ஓங்கியபடி நிற்கிறார். எந்தத் தட்டில் இந்தப் பாதம் விழுந்தது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

பத்மா சுப்ரமணியம் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். சிதம்பரத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1936இல் 'தாண்டவ லக்ஷணம்' என்ற நூல் அந்த அத்தியாயத்தை இந்தச் சிற்பங்களின் படங்களோடு வெளியிட்டிருந்தது. அதன் பிறகும் பலர் கரணத்தை ஒரு நிலையாகவே, நின்று காட்டுகிற கோலமாகவே பார்த்துவந்தார்கள். அது அசைவு, சிற்பி அதில் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறான் என்பது பத்மாவின் வாதம். தஞ்சாவூர் சிற்பி அசைவின் தொடக்கத்தைப் பிடித்திருந்தால் சிதம்பரத்துச் சிற்பி முடிவைப் பிடித்திருக்கலாம். கும்பகோணம், திருவண்ணாமலை, விருத்தாசலம் கோயில்களிலும் கரணங்கள் இருக்கின்றன. ஒரே கரணத்தை ஊருக்கு ஊர் பார்த்து, சுலோகத்தை நடுவில் வைத்து, விட்டுப்போன வழியைத் தன் உடம்பில் ஆடிப் பார்த்தார். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவில்லை இது. எனக்கு ஏற்கும்படி இருக்கிறது. புஜங்கத்ராசிதம் என்ற கரணத்தில், பாம்பைக் கண்டு வெடுக்கென்று தூக்கிய கால் தெரிகிறது. அந்த 'வெடுக்'கை எந்த உளியாலும் கல்லில் ஏற்ற முடியாது. யாராவது ஆடித்தான் ஆகவேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் பஸ். காட்டுமன்னார்கோயில், வீராணத்துக் கரை, அப்புறம் அணைக்கரைப் பாலம். கொள்ளிடம் மணலாகக் கிடந்தது. பஸ்ஸில் பாட்டு அலறியதால் தூங்கவும் முடியவில்லை. ஐரோப்பாக்காரர்கள் இதே தொல்லையை எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். 1700இல் பாரிஸில் ஃபொயே என்ற நடன ஆசிரியர் ஒரு முறையை அச்சிட்டார். பக்கத்தின் மேலே இசைக்குறி, கீழே தரையில் ஆடுபவர் போகிற பாதை ஒரு கோடாக, கோட்டின் மேல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறி. அரண்மனை நடனங்கள் ஐரோப்பாவெங்கும் இப்படித் தாளில் பயணம் செய்தன. 1928இல் ருடால்ஃப் லாபான் வெளியிட்ட முறையில் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பத்தி உண்டு. பிறகு பெனேஷ் தம்பதியரின் ஐந்து கோட்டு முறை வந்தது. லண்டன் ராயல் பாலேயில் அதை எழுதுவதற்கென்றே ஆள் வைத்தார்கள். இதில் வேடிக்கை, ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. எழுதியவர் ஒத்திகைக் கூடத்துக்கு வந்து, தாளைப் பார்த்து, வாயால் சொல்லிக் கையால் காட்டித்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எங்கே சுற்றினாலும் விஷயம் ஒரு வாத்தியாரிடம்தான் வந்து நிற்கிறது.

திருப்பனந்தாளில் இறங்கிக் கிழக்கே போனால் பந்தநல்லூர். பசுபதீசுவரர் கோயில், குளம், கடைத்தெரு, வயல். பரதநாட்டியம் ஆடுகிறவர்களிடம் உலகில் எங்கே கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும். ஊரைப் பார்த்தவர்கள் குறைவு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) இங்கேயிருந்துதான் வந்தார். தஞ்சை நால்வர் வழி வந்தவர். ருக்மிணி தேவி அவரிடம் கற்று 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். மிருணாளினி சாராபாயும் ராம் கோபாலும் அவரிடம் கற்றவர்கள். பிள்ளை உட்கார்ந்தபடியே சொல்லித்தந்தவர்களின் தலைமுறையைச் சேர்ந்தவர். கையில் தட்டுக்கழி, முன்னால் தட்டுமனை, வாயில் சொல்லு. எழுந்து ஆடிக்காட்டுவது அந்தத் தலைமுறை நட்டுவனார்களின் வழக்கமில்லை. அபிநயம் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கையும் முகமும் வேலை செய்யும். காலுக்குக் கழி. மூத்த மாணவி முன்வரிசையில் நின்று ஆடுவாள், இளையவர்கள் அவளைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

தானே ஆடாத ஒருவர் இன்னொருவர் உடம்பில் ஆட்டத்தை ஏற்றுவதற்குச் சொற்கட்டைத் தவிர வேறு வழியில்லை. தெய்யா தெய் என்றால் தட்டடவு. தெய்யும் தத் தத் தெய்யும் தா என்றால் நாட்டடவு. இவற்றுக்கு அகராதியில் பொருள் கிடையாது, ஆனால் அரைமண்டியில் உட்காரப் பழகிய பெண்ணின் காலுக்குப் பொருள் தெரியும். இப்போது லாபானுக்கும் பந்தநல்லூருக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. எந்த அசைவும் வரலாம் என்ற இடத்தில் ஒவ்வொரு உறுப்பையும் எழுதியாகவேண்டும். காவிரிக்கரையில் அடவு என்ற ஓர் அளவு எல்லாருக்கும் பொதுவாக ஏற்கெனவே உடம்பில் இறங்கியிருக்கிறது. அதனால் தீர்மானம் எனும் ஒரு முழு அடவுக்கோவையையும் நாலு வரியில் எழுதிவிடலாம். அந்த அடவுகள் உடம்பில் ஏறச் சில வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களை யாரும் தாளில் எழுத வேண்டியதில்லை.

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் கரணங்கள் உண்டு, பெயரோடு. வரிசை கலைந்திருக்கிறது. வேறொரு சிவன் கோயிலிலிருந்து வந்து இங்கே பதிந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாடப்புத்தகத்தின் தாள்களைப் பிரித்து மாற்றித் தைத்துவிட்டதுபோல இருக்கிறது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் காலை வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சருக்கு எழுபதுக்கு மேல். பந்தநல்லூர் வழியில் பாடம் கேட்டவர். முட்டி வலி, அதனால் நாற்காலி. பழைய நட்டுவனார்கள் மரபென்று தரையில் உட்கார்ந்தார்கள், இவர் டாக்டர் சொல்லி நாற்காலியில் உட்காருகிறார். பலன் ஒன்றுதான், எழுந்து ஆட முடியாது. கோடை லீவு என்பதால் கூட்டம். எட்டு வயதிலிருந்து கல்லூரிப் பெண்வரை, நைந்துபோன பருத்திப் புடவையைப் பாவாடை மேல் இழுத்துக் கட்டி, தாவணியை இடுப்பில் செருகி நின்றார்கள். ஒரே ஒரு பையன். மின்விசிறிக்கு நேர் கீழே யார் நிற்பது என்பதில் முதல் ஐந்து நிமிஷம் போயிற்று.

தட்டுக்கழி விழுந்தது. எல்லாம் தெய்யா தெய்யில் தொடங்கியது, முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். அதில் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, அது தினசரி. நாட்டடவுக்கு வந்தபோதுதான் கேட்கத் தொடங்கினேன். கழியின் தட்டு ஒரே சீராக விழுகிறது. குரல் அப்படி இல்லை. கை மேலே போகவேண்டிய இடத்தில் குரல் உயர்கிறது. கால் நீட்டிக் குதிகால் ஊன்றும்போது 'தெய்யும்' என்பதன் கடைசி எழுத்து இழுபடுகிறது. 'தத் தத்' இரண்டும் கத்தரித்ததுபோல் சின்னதாக விழுகின்றன. ஒரு சின்னப் பெண் முழங்கை தொங்க ஆடினாள். டீச்சர் நிறுத்தவில்லை, 'தா'வை மட்டும் பலமாக அழுத்திச் சொன்னார். முழங்கை ஏறிவிட்டது. எழுதினால் 'தா' ஒரே எழுத்துதான். எந்த 'தா' முழங்கையைத் தூக்கும் என்பது எழுத்தில் வராது.

அப்புறம் திஸ்ர அலாரிப்பு. தாம் தித்தாம் தெய் தத்தெய் என்று அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடவை கண்ணும் கழுத்தும் போகின்றன, இன்னொரு தடவை தோளும் கையும். சொல் மாறவில்லை, உடம்பில் அது போய்ச் சேருகிற இடம் மாறுகிறது. பாடம் இல்லாத ஒருவர் இந்தச் சொற்களை ஏட்டில் கண்டால் கண்ணா, தோளா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

கல்லூரிப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோடு போட்ட நீள நோட்டு. இடப்பக்கம் ஒரு வர்ணத்தின் தீர்மானம், சொல் சொல்லாக, கட்டம் கட்டி. வலப்பக்கம் குச்சி மனிதர்கள். வட்டம் தலை, ஒரு கோடு உடம்பு, இரண்டு முக்கோணமாக மடங்கிய அரைமண்டிக் கால். வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ'. திரும்புகிற இடத்தில் வளைந்த அம்பு. கைக்குப் பெயர் மட்டும்: அலபத்மம், கடகாமுகம், சிகரம். ஓரத்தில் சிவப்பு மையில், "இங்க மூச்சு விடாதே." இன்னொரு இடத்தில், "டீச்சர் முறைச்சாங்க, மெதுவா." அடுத்த பக்கத்தில் குச்சி மனிதனுக்குப் பக்கத்தில் வெறும் கேள்விக்குறி ஒன்று.

"இது என்னம்மா?"

"அது அன்னிக்குப் புரியல. இப்பத் தெரியும், ஆனா மாத்தி எழுதல. பாத்தா எனக்கு ஞாபகம் வந்துடும்."

அந்தக் கேள்விக்குறி அவளுக்கு மட்டும் ஓர் அடவு. இப்படித்தான் எல்லா நோட்டும். அம்மாவின் நோட்டை வைத்து மகள் ஆட முடியாமல் போவதும் இதனால்தான். வர்ணத்து ஜதிகள்தான் நட்டுவனார்களின் சொந்தச் சொத்து. ராகமும் சாகித்தியமும் பழையவர்கள் செய்தவை, அவற்றின் இடையே வருகிற தீர்மானம் நட்டுவனார் கோர்த்தது. அந்தப் பக்கங்களை அடுத்த வீட்டுக்குக் காட்டாத நட்டுவனார் வீடுகள் இருந்திருக்கின்றன. அபகரித்துக்கொண்டு போனாலும் திருடனுக்குக் கேள்விக்குறிதான் மிஞ்சியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமே என்றேன். எடுக்கலாம், ஆனால் டீச்சருக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் சத்தம் மட்டும். அவர் வாயால் சொல்வதைப் பதிவு செய்து வீட்டில் கேட்டு, கால் தானாகத் தட்டும்வரை பழகவேண்டும். பாடம் கைக்கு வந்த பிறகு, அதுவும் பெரிய மாணவி ஆடுவதைத்தான் வீடியோ எடுக்கலாம். டீச்சரை எடுக்கக் கூடாது.

"ஏன்?"

"நான் எழுந்து நின்னு ரெண்டு அடி காட்டினா, என் முட்டி வலியையும் சேத்து ஆடுவாளுங்க. ஒருத்தி ஆடினா. காலைப் பாதி மடக்கி நிக்குறா. என்னடின்னா, நீங்க அப்படித்தானே டீச்சர் நின்னீங்கங்குறா."

வீடியோவில் இன்னொரு சங்கடம், எதிரே நின்று எடுத்தால் வலமும் இடமும் மாறிப்போகின்றன. முகம் தெரிய எடுத்தால் பாதம் சட்டத்துக்கு வெளியே போகும். ஆனால் இவை சின்ன விஷயங்கள். பெரிய விஷயத்தை 1976இல் சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பாலசரஸ்வதி கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே'க்கு அபிநயம் பிடிக்கிறார், காற்று புடவையை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரே வரியை ஒவ்வொரு கச்சேரியிலும் வேறு வேறாகச் செய்தவர் பாலா. நமக்குக் கிடைத்திருப்பது அவற்றில் ஒன்று, காற்று வீசிய ஒரு நாளில் செய்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதைப் பார்த்து மனப்பாடமாக ஆடுகிற ஒருத்தி பாலாவின் வழியில் ஆடவில்லை, பாலாவின் ஒரு நாளை ஆடுகிறாள்.

சினிமா இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு தடவை சரியாக வந்தால் போதும். வழுவூர் ராமையா பிள்ளை இரண்டு பக்கமும் கால் வைத்தவர். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் கமலா ஆடியவை அவர் அமைத்தவை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் தெரு பெண் குழந்தைகள் ஆடியதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், வாத்தியார் இல்லாமல், திரையைப் பார்த்து. இன்றைய கோடம்பாக்கத்து டான்ஸ் மாஸ்டருக்குத் தட்டுக்கழி இல்லை. ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எட்டுவரை எண்ணிக்கைதான். மாஸ்டர் அமைத்ததை அசிஸ்டென்ட் உடம்பில் வாங்கி நடிகருக்குத் தருகிறார். எண்ணுக்குத் 'தா'வின் அழுத்தம் கிடையாது, ஆனால் எந்த ஊர்க்காரருக்கும் அது புரியும். ஐந்து மொழிக்காரர்கள் ஒரே வரிசையில் நிற்கிற இடத்தில் அதுதான் செல்லும்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குப் போனது கரணங்களைப் பார்க்கலாம் என்பதற்காக அல்ல. அவை கருவறையைச் சுற்றிய மேல்தளத்து உள்சுற்றில் இருக்கின்றன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. புத்தகப் படங்களில் பார்த்திருக்கிறேன். ஆடுவது பெண்ணல்ல, நான்கு கைச் சிவனே. 108இல் 81 செதுக்கியிருக்கிறார்கள். பாக்கி 27 சட்டங்களில் கல் காலியாக நிற்கிறது. 1010இல் ராஜராஜன் கலசம் வைத்த கோயிலில் எதற்கும் பணமில்லை என்று சொல்ல முடியாது.

நான் பார்க்கப் போனது வெளியே, எல்லார் கண்ணிலும் படுகிற கல்வெட்டை. நாடெங்கும் உள்ள கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தியதற்கான கணக்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஒருத்தி இறந்துபோனாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதும் எழுதியிருக்கிறது. அவர்கள் என்ன ஆடினார்கள் என்று ஒரு வரி இல்லை. தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். நெல்லில் தகராறு வரும், அதற்குக் கல்வெட்டு வேண்டும். ஆட்டம் எப்படி என்று கேட்டால் அந்தத் தெருவில் நானூறு பேர் இருந்தார்கள்.

சிலப்பதிகாரத்திலும் இதுவே கதை. அரங்கேற்று காதை மாதவியின் ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் மத்தளக்காரனுக்கும் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்கிறது. தூணின் நிழல் ஆடுபவள்மேல் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு கற்றவள் அன்று வலக்காலை முன்வைத்து அரங்கில் ஏறினாள் என்பதுகூட இருக்கிறது. ஏறியபின் அடி அடியாக எப்படி ஆடினாள் என்பது மட்டும் இளங்கோவின் கணக்கில் இல்லை.

மேல வீதியில் நால்வர் வீடு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைக் கலைஞர்கள், முத்துசாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். சின்னையா மைசூருக்குப் போனார், வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளிடம் போனார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசையையும், அடவுகளை இனம் பிரித்துப் பாடமாக்கியதையும் பரதநாட்டிய உலகம் இவர்கள் பெயரில்தான் எழுதுகிறது. இவர்கள் வழியில் வந்த கிட்டப்பா பிள்ளை இருபதாம் நூற்றாண்டில் குடும்பத்து உருப்படிகளைச் சுரத்தோடு அச்சிட முன்வந்தார். மூடி வைத்த வீடுகளின் நடுவே அது துணிச்சலான காரியம். வர்ணம் எந்த ராகம், எந்தத் தாளம், சுரம் எது, சாகித்தியம் எது, எல்லாம் அந்தப் புத்தகங்களில் தெளிவாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரும் பாடிவிடலாம். ஆடுவதற்கு என்ன வேண்டும் என்பதற்கு நர்த்தகி நடராஜைக் கேட்கலாம். அவர் கிட்டப்பா பிள்ளையிடமே பதினைந்து ஆண்டுகள் இருந்து கற்றவர்.

நட்டுவனார் வழி அறுந்த இடங்களும் உண்டு. 1943இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவை விட்டுப் போனபோது நட்டுவாங்கத் தாளம் அங்கே பெண்கள் கைக்கு வந்தது. அதற்கு முன் ஆடுகிறவள் வேறு, ஆட்டுவிக்கிறவர் வேறு. ஆடியவளே சொல்லவும் தொடங்கியபோது, உட்கார்ந்து சொல்கிற முறை போய் நின்று காட்டுகிற முறை வகுப்புகளுக்குள் வந்தது. நல்லதுதான், குழந்தைகள் வேகமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் கும்பகோணத்து மாடியில் நான் கேட்ட அந்த 'தா' இந்த வகுப்புகளில் எனக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. கால் காட்டுகிறபோது வாய்க்கு வேலை குறைந்துவிடுகிறது.

நரசிம்ம ஜயந்தி நெருங்கியிருந்ததால் மெலட்டூருக்கும் போய்வந்தேன். தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் உள்ள அக்ரகாரம். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களை ஆண்டுதோறும் சுவாமி முன்பாகத் தெருவிலேயே பந்தல் போட்டு ஆடுகிறார்கள். ஆண்களே பெண் வேடமும் போடுவார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள் லீவு எடுத்துக்கொண்டு வருவார்கள். பாட்டுக்குச் சுவடி உண்டு, அச்சு உண்டு. ஆட்டத்துக்கு வேடம்தான் ஏடு. வேடங்கள் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதால், ஒவ்வொருவரும் தம்முடைய பங்கைத்தான் முழுசாக அறிவார்கள். பிரகலாத சரித்திரம் முழுவதையும் ஆடத் தெரிந்த ஒருவரைத் தேடுவது வீண். தெருவுக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய கூடத்தில் ஒத்திகை. ஐ.டி. கம்பெனிக்காரப் பையன், முதல் தடவையாக அந்த வேடம். அவன் அப்பாவுக்கு முன் அதைப் போட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையன் நுழைகிற இடத்தில் இரண்டு அடி வைத்துத் திரும்பினான்.

"நாலு அடிடா," என்றார் பெரியவர்.

பையன் போனை எடுத்தான். பழைய கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோ. மங்கலாக, ஓரத்தில் கோடு விழுந்து. "மாமா, நீங்களே ரெண்டுதான் வெச்சிருக்கேள். பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன்னையே முப்பது வயது குறைவாகப் பார்க்கிறவரின் முகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை, எரிச்சல்தான். "அன்னிக்குப் பந்தல்ல நடுவுல ஒரு மூங்கில் நின்னுதுடா. நாலு வெச்சா முட்டிண்டிருப்பேன். அதனால ரெண்டோட திரும்பினேன். அதுக்கு முன்னாடி எங்கப்பா, நான், எல்லாரும் நாலுதான்."

"எங்கப்பா எனக்கு ரெண்டுன்னுதான் சொல்லிக்கொடுத்தார்."

"அவன் இந்த கேசட்டைப் பாத்துன்னா கத்துண்டான்!"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், பையனின் அப்பா உள்பட. நாலு அடி வைத்துப் பார்ப்போம் என்று ஒரு தடவை முயன்றார்கள். மிருதங்கக்காரர் இரண்டு அடிக்குப் பழகியிருந்தார், பாடுகிறவர் எடுத்த இடம் தவறிப்போனது, எதிரே வரவேண்டியவர் முன்னாலேயே வந்து நின்றுவிட்டார். மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் மாற்றவேண்டும், அதில் ஒருவர் சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இந்த வருஷம் இரும்புச் சட்டப் பந்தல், நடுவில் தூண் எதுவும் கிடையாது என்று பெரியவர் சொல்லிப் பார்த்தார். இரண்டு அடியே இருக்கட்டும், அடுத்த வருஷம் நாலாக்கலாம் என்று முடிவாயிற்று. பையன் அதையும் போனில் எங்கோ குறித்துக்கொண்டான்.